இறகில் விழுந்த கோடு

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு, அபுதாபியிலிருந்து அல் ஐன் செல்லும் நெடுஞ்சாலையை விட்டிறங்கி இருபது நிமிடம் மணற்பாதையில் போன பிறகு வந்த ஒரு பண்ணை வீட்டில், ஏணியைத் தோளில் சாத்தியபடி ஓர் அறையின் கதவைத் திறந்தேன். வேலைச் சீட்டில் "பின்கட்டு அறைகள், ஸ்பிளிட் ஏசி இரண்டு, கூலிங் இல்லை" என்று மட்டுமே எழுதியிருந்தது. உள்ளே மங்கலான ஒரு விளக்கு எரிந்தது. வெக்கையும், பச்சை இறைச்சியின் மெல்லிய வாடையும் முகத்தில் அடித்தன. இரண்டு எட்டு வைத்த பிறகுதான், சுவரில் என் முகத்தின் உயரத்துக்கு அடித்திருந்த பலகையின்மேல், கை நீட்டினால் தொட்டுவிடும் தொலைவில், ஒரு பறவை நிற்பதைக் கண்டேன்.

பெரிய பறவை. மார்பு பால் வெள்ளை, அதில் மழைத்துளி வழிந்ததுபோல் பழுப்புக் கீற்றுகள். அலகு திறந்திருந்தது. தொண்டைக்குழி இடைவிடாமல் துடித்தது. இரண்டு சிறகுகளும் உடம்பை ஒட்டாமல், வெயிலில் நிற்கும் கோழி விரித்துக்கொள்வதைப்போல் சற்றே தொங்கிக் கிடந்தன. அதன் கண்களைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஓணானையும் குருவியையும் அடித்துத் தின்னும் சிறிய வல்லூறுக்குக் கண் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும்; கோபமான கண் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். இதன் கண் முழுக் கருமையாக, ஈரமாக, ஒரு கன்றுக்குட்டியின் கண்ணைப்போல் இருந்தது. அதில் கோபம் எதையும் என்னால் படிக்க முடியவில்லை. அது என்னைப் பார்த்தது என்பதைவிட, என்னில் ஒவ்வொன்றாக எடுத்து அளந்தது என்பதே சரி.

எனக்குப் பின்னால் கருவிப் பையோடு வந்த தென்காசிப் பையன், "அண்ணே, வெளிய வந்துருங்கண்ணே, கழுகு நிக்குது" என்று மெதுவாகச் சொன்னான். அதே நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு முதியவரின் குரல் உருதுவில் வந்தது: "அசையாதே, பாய். அவள் கண்ணைப் பார்க்காதே. ஏணியை மட்டும் மெல்லக் கீழே இறக்கு." நான் இறக்கினேன். அலுமினியம் தரையைத் தொட்ட சத்தத்துக்கு அந்தப் பறவை உடம்பை ஒடுக்கி, தலையை மட்டும் முன்னால் நீட்டியது. மரச்சட்டத் தடுப்புக்கு அப்பால் இருந்த பெரிய அறையில், முழங்கால் உயரத் தாங்கிகளில் இன்னும் ஆறு பறவைகள் அதேபோல் அலகைத் திறந்து மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அந்த முதியவர் பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வல்லூறு பழக்குவதே தொழில். அவருடைய தந்தைக்கும் அதுவே தொழில். பண்ணையில் எல்லோரும் அவரை "உஸ்தாத்", அதாவது ஆசான், என்றார்கள், நானும் அப்படியே அழைக்கத் தொடங்கினேன். புகார் பிற்பகல் இரண்டு மணிக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது. அது எங்கள் கைக்கு வந்தபோது இரவு எட்டரை. இடையில் ஆறரை மணி நேரம் அந்த மனிதர் ஈரத் துண்டுகளைச் சுவரில் தொங்கவிட்டும், தண்ணீரை வாயில் வைத்துப் பறவைகளின் கால்களில் மெல்லத் தெளித்தும் காலம் கடத்தியிருக்கிறார். ஆனாலும் எங்களைக் கண்டதும் அவர் ஒரு சுடுசொல்கூடச் சொல்லவில்லை. "வந்துவிட்டாய் அல்லவா, சரி, வேலையைப் பார்ப்போம்" என்றார்.

பாலைவனத்துப் பறவைக்கு எதற்கு ஏசி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இந்த வல்லூறுகள் பாலைவனத்துக்குச் சொந்தமானவை அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அரபிகள் "ஹுர்" என்று அழைக்கும் இனம் மத்திய ஐரோப்பாவிலிருந்து மங்கோலியா வரை பரந்த புல்வெளிகளில் குஞ்சு பொரிப்பது. குளிர்காலத்தில் மட்டும் தெற்கே வரும். "ஜிர்" என்பது ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, சைபீரியா என்று வட துருவத்தை ஒட்டிய பகுதிகளுக்கு உரியது. உலகில் உள்ள வல்லூறுகளில் அதுவே பெரிது. நம் பக்கத்தில் பைரி என்று சொல்லப்படும் இனத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "ஷாஹீன்". மேலிருந்து கீழ்நோக்கிப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுப்பது அதுதான். பலகைமேல் நின்றவள் ஜிருக்கும் ஹுருக்கும் பிறந்த கலப்பு, ஐரோப்பாவில் ஒரு கூண்டில் பொரித்தவள். பாலைவன நாடோடிகளான பழைய பதூயின் வேட்டைக்காரர்கள் இலையுதிர் காலத்தில் வலசை வரும் பறவையைப் பிடித்து, சில வாரங்களில் பழக்கி, குளிர்காலம் முழுக்க ஹுபாரா என்னும் கானமயில் இனத்தையும் முயலையும் அதைக் கொண்டு வேட்டையாடி, வெயில் ஏறுவதற்கு முன் விட்டுவிடுவார்கள். கோடையில் அதை உயிரோடு வைத்திருக்க வழியில்லை என்பதே காரணம். அடுத்த ஆண்டு வேறு பறவை. ஒரே பறவையை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும் இன்றைய வழக்கத்தைக் குளிரூட்டப்பட்ட அறைதான் சாத்தியமாக்கியது. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைமை உடையதாகச் சொல்லப்படும் இந்தக் கலையில், நான் தினமும் கழற்றி மாட்டும் ஒரு இயந்திரத்துக்கு இவ்வளவு பெரிய பங்கு உண்டு என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

பெரிய அறையின் காம்ப்ரஸர் எரிந்து போயிருந்தது. அன்றிரவு அதற்கு ஒன்றும் செய்ய இயலாது. சிறிய அறையின் அவுட்டோர் யூனிட்டில் கெப்பாசிட்டர் உப்பி, காற்றாடி சுற்றாமல் நின்றிருந்தது. அது எளிய வேலை. ஆனால் கேஸும் குறைந்திருந்தது. சோப்பு நுரை வைத்துப் பார்த்தபோது, உள்ளே இன்டோர் யூனிட்டின் இணைப்பில் கசிவு. அதாவது அந்தப் பறவை நிற்கும் பலகைக்கு மேலே நான் ஏணி போட்டு ஏறியாக வேண்டும்.

உஸ்தாத் முதலில் ஆறு பறவைகளை வெளியேற்றினார். நான் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு அமைதியான அவசரத்தைக் கண்டதில்லை. "மங்கலா" என்று சொல்லப்படும் தடித்த துணி உறையை இடது முன்கையில் மாட்டிக்கொண்டு, பறவையின் கால்களுக்குப் பின்னால் அதை மெல்ல அழுத்துவார். அது தானாகப் பின்வாங்கிக் கைமேல் ஏறிக்கொள்ளும். வலது கையால் "புர்கா" என்னும் தோல் முகமூடியைத் தலைக்கு மேலாகக் கவிழ்த்து, அதன் வார்களில் ஒன்றைப் பல்லாலும் மற்றொன்றை விரலாலும் இழுத்து இறுக்குவார். கண் மறைந்த அந்தக் கணத்தில், அதுவரை துடித்துக்கொண்டிருந்த பறவை கல்லாகச் சமைந்துவிடும். பார்வையே உலகமாக வாழும் உயிருக்குப் பார்வை இல்லையென்றால் அச்சமும் இல்லை. இந்த முகமூடிப் பழக்கத்தை ஐரோப்பியர்கள் அரபிகளிடமிருந்து கற்றார்கள். 13ஆம் நூற்றாண்டில் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக், தான் அதைக் கீழைநாட்டவரிடம் கற்றதாகத் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஆறும் முற்றத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்த நிஸான் பேட்ரோல் வண்டிக்குள் போயின. இருக்கைகளுக்கு மேல் தாங்கிகள் வைத்து, முகமூடி அணிந்த ஆறு வல்லூறுகள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக அமர்ந்திருந்த காட்சியைத் தென்காசிப் பையன் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஏழாவது பறவையை மட்டும் அவர் தொடவில்லை. "இவளைப் பிடிக்க முடியாது. இறகில் ரத்தம் ஓடுகிறது" என்றார்.

எனக்கு அது அப்போது விளங்கவில்லை; வேலைக்கு இடையிடையே அவர் தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்டு விளங்கிக்கொண்டேன். ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை வல்லூறு தன் பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவற்றை வளர்த்துக்கொள்கிறது. சிறகின் பெரிய இறகுகள் பக்கத்துக்குப் பத்து, வால் இறகுகள் பன்னிரண்டு. எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்ந்தால் பறக்க முடியாமல் பட்டினியில் செத்துவிடும் என்பதால், இயற்கை அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. சிறகில் நான்காவது இறகில் தொடங்கி இரு பக்கமும் பரவும். வாலில் நடு இரண்டில் தொடங்கும். இடப்பக்கம் ஒன்று விழுந்தால் சில நாட்களில் வலப்பக்கத்தில் அதே எண்ணுள்ள இறகும் விழும், எடை சாய்வதில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் இறகின் தண்டு மென்மையாக, உள்ளே இரத்தம் ஓட, நீலம் பாரித்து இருக்கும். அந்த நிலையில் பறவை மிரண்டு சிறகடித்து எதிலாவது மோதினால் தண்டு ஒடிந்து இரத்தம் கொட்டும்; அந்த இறகு அந்த ஆண்டுக்குப் போனதுதான். அவள் இயல்பிலேயே துள்ளுபவள் என்பதால்தான் கயிற்றில் கட்டாமல் தனி அறையில் விட்டிருந்தார். அவளைக் கையில் எடுப்பது அவளை அங்கேயே விடுவதைவிட ஆபத்து.

ஆக, அவள் அங்கேயே இருப்பாள், நானும் அங்கேயே வேலை செய்ய வேண்டும்.

ஏணியில் ஏறுவதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. தன்னைவிட உயரத்தில் எது வந்தாலும் வல்லூறு அதை எதிரியாகவே எண்ணும். உஸ்தாத் ஏணியை அறையின் மறுகோடியில் விரித்து, என்னை முதல் படியில் சில நிமிடம் நிற்கச் சொன்னார், பிறகு இரண்டாவது, பிறகு ஏணியோடு ஒரு முழம் நகர்ந்து வரச் சொன்னார். அந்த எட்டடித் தூரத்தைக் கடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முகத்தை அவள் பக்கம் திருப்பாமல், பக்கவாட்டில் இருந்தபடியே வேலை செய்யச் சொன்னார். அவர் தம் கையில் ஒரு காடையின் காலை வைத்துக்கொண்டு, அவளுக்குக் கீழே நின்று, நாக்கால் ஒரு சத்தம் எழுப்பியபடியே இருந்தார். அவள் சாப்பிடவில்லை. ஆனால் அந்தச் சத்தம் தொடரும்வரை அவள் பலகையை விட்டு எழவும் இல்லை.

ஏசியின் மூடியைக் கழற்றியதும் எனக்கே உள்ளம் குன்றியது. காயில் முழுவதும் இறகுத் தூசி, பஞ்சு மெத்தைபோல் ஒட்டியிருந்தது. தண்ணீர் வடியும் டிரெய்ன் ட்ரேயில் கறுப்பாகப் பூஞ்சை. வீடுகளில் நாங்கள் தினமும் பார்ப்பதுதான். மருந்தை அடித்து, துடைத்து, மூடிவிட்டு வருவோம். டார்ச் வெளிச்சத்தில் அதை எட்டிப் பார்த்த உஸ்தாத்தின் முகம், எரிந்த காம்ப்ரஸரைப் பார்த்தபோதுகூட மாறாத முகம், மாறிவிட்டது. "வெயில் இவளை ஒரு நாளில் கொல்லும். இது மெல்லக் கொல்லும்" என்றார். பறவைக்கு நம்மைப்போல் நுரையீரல் மட்டும் அல்ல. உடம்பு முழுவதும் மெல்லிய காற்றுப்பைகள் உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் நுண்துகள்கள் அங்கே போய்த் தங்கினால் கண்டுபிடிப்பதும் கடினம், குணப்படுத்துவதும் கடினம். தூய்மையான, குளிர்ந்த, வறண்ட காற்றில் வாழ்ந்து பழகிய ஜிர் இனத்துக்கு அதை எதிர்க்கும் வலிமை மிகவும் குறைவு. பதினோரு ஆண்டுகள் இந்தத் தொழிலைச் செய்திருந்தேன், அந்த ட்ரேயை ஓர் உயிரின் மூச்சாக எண்ணிப் பார்த்தது அன்றுதான்.

மருந்து அடிக்கக் கூடாது, நெருப்பு வைக்கக் கூடாது, புளோயர் போடக் கூடாது. ட்ரேயை முழுதாகக் கழற்றி வெளியே அனுப்பினேன். பையன் அதை வெந்நீரில் மூன்று முறை கழுவித் துடைத்துக் கொண்டுவந்தான். காயிலை ஈரத் துணியாலும் மென்மையான தூரிகையாலும் ஒவ்வொரு வரியாகத் துடைத்தேன். கெப்பாசிட்டரை மாற்றி, கேஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்த பிறகு, கசிந்த செம்புக் குழாயின் முனையை வெட்டி, கையால் திருகும் ஃபிளேரிங் கருவியால் புதிதாக விரித்து, நட்டை இறுக்கினேன். ஒருமுறை ஸ்பானர் நழுவிக் குழாயில் பட்டு மணிபோல் ஒலித்தது. அவள் சிறகை முழுவதும் விரித்துவிட்டாள். அதன் நுனி என் காதை உரசியது. பறந்துவிடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். உஸ்தாத்தின் நாக்குச் சத்தம் நிற்கவே இல்லை. அதே சீரில், தூளி ஆட்டும் தாயின் பாட்டுப்போல் தொடர்ந்தது. நான் கண்ணைத் திறந்தபோது சிறகுகள் மெல்ல மடிந்துகொண்டிருந்தன.

குளிர்ந்த காற்று வரத் தொடங்கியபோது மணி பன்னிரண்டே முக்கால். நாங்கள் மூவரும் கதவோரம் தரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் தொண்டையின் துடிப்பு தளர்ந்தது. பிறகு அலகு மூடியது; மேலலகின் ஓரத்தில் பல்போல் ஒரு துருத்தல் இருப்பதை அப்போது கவனித்தேன், இரையின் கழுத்தெலும்பை நொடியில் துண்டிப்பதற்கென்றே வல்லூறுகளுக்கு அமைந்தது அது. தொங்கிய சிறகுகள் உடம்போடு சேர்ந்தன. வெகுநேரம் கழித்து, உடம்பின் அத்தனை இறகுகளையும் ஒருசேர உப்பி உயர்த்தி, மழையில் நனைந்த நாயைப்போல் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டாள். உஸ்தாத் தாடியைத் தடவியபடி, "இனி நாம் தேநீர் குடிக்கலாம்" என்றார். பயம் உள்ள பறவை ஒற்றைக்காலில் நிற்காது என்று தேநீர் குடிக்கும்போது சொன்னார்.

அன்றிரவு தேநீரோடு தொடங்கிய பழக்கம் மூன்று ஆண்டுகள் நீடித்தது. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் போகும் வண்டி கிடைத்தால் போய்விடுவேன். வல்லூறு மனிதனை நேசிக்குமா என்று ஒருநாள் கேட்டேன். நாய்போல் நேசிக்காது என்று அவர் உடனே சொன்னார். பழக்கத் தொடங்கும் நாட்களில் அவர் பறவையைக் கையில் ஏந்தியபடியே நடப்பார், உண்பார், விருந்தினர் கூடும் மஜ்லிஸில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். மனிதக் குரலும் வெளிச்சமும் அதற்குத் தீங்கல்ல என்று அது தானே முடிவுக்கு வரவேண்டும். அடித்துப் பணியவைக்க வழியே இல்லை. ஒருமுறை கையை ஓங்கினால் அந்தப் பறவை அந்த மனிதனிடம் திரும்பி வராது. தராசில் தினமும் நிறுத்து, பசியைக் கிராம் கணக்கில் அளந்து வைத்துக்கொள்வதே பயிற்சியின் பெரும்பகுதி. ஐம்பது கிராம் கூடினால் கைக்கு வராமல் மரத்தில் உட்கார்ந்துவிடும். அளவுக்கு மீறிக் குறைந்தால் வலிமை போய்விடும். ஆனால் கயிறு இல்லாமல் விண்ணில் விடப்பட்ட பிறகு, திரும்புவதும் திரும்பாததும் அதன் விருப்பம்தான். ஒவ்வொரு முறை விடும்போதும் அதை இழக்கவும் ஒப்புக்கொண்டுதான் அவர் கையை உயர்த்துகிறார். இந்தத் தொழிலின் மேல் எனக்கு ஏற்பட்ட மதிப்பு முழுவதும் இந்த ஒன்றிலிருந்து வந்தது.

ஒருமுறை அவரோடு அபுதாபி வல்லூறு மருத்துவமனைக்குப் போனேன். 1999இல் தொடங்கப்பட்டது. காத்திருப்போர் கூடத்தில் மனிதர்கள் ஒரு பக்கம், பச்சைப் புல்விரிப்பு வேய்ந்த தாங்கிகளில் முகமூடி அணிந்த வல்லூறுகள் மறுபக்கம். மயக்கவாயு கொடுத்து, வளர்ந்துவிட்ட நகத்தையும் அலகையும் சிறிய அரத்தால் அராவிச் சீராக்குகிறார்கள். பறவை சில நிமிடங்களில் விழித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பறவைக்கும் காலில் வளையம், அதன் எண் பதித்த பாஸ்போர்ட். 2002 முதல் அமீரகத்தில் இந்த முறை உண்டு. அது இல்லாமல் வல்லூறு எல்லை கடக்க முடியாது. கள்ளத்தனமாகக் காட்டில் பிடிக்கப்படுவதைத் தடுப்பதே அதன் நோக்கம்.

அந்தத் தடுப்புக்குத் தேவை இருந்தது என்பதையும் எழுதியாக வேண்டும். இந்தக் கலையின் அழகில் மனம் கரைந்துபோய் அதை மறைப்பது நேர்மை ஆகாது. வளைகுடாவின் விருப்பத்துக்காக மத்திய ஆசியப் புல்வெளிகளில் ஹுர் வல்லூறுகள் பெருமளவில் பிடிக்கப்பட்டன. இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. மின்கம்பங்களும் அதற்குக் காரணம். மரமில்லாத மங்கோலியப் புல்வெளியில் உட்கார உயரமான இடம் கம்பம் மட்டுமே. இரும்புக் குறுக்குச்சட்டத்தில் நின்றபடி சிறகை விரிக்கும் பறவை மின்சாரம் ஓடும் கம்பியைத் தொட்டுவிட்டால், மின்சாரம் அதன் உடம்பு வழியே தரைக்கு இறங்குகிறது. கம்பியோடு வாழ்பவன் என்பதால் இந்தச் செய்தி என்னை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே உறுத்துகிறது. ஒரு காப்பு உறை போட்டால் தீர்ந்துவிடும் சாவு அது. தானாகக் கூடு கட்டத் தெரியாத ஹுருக்காக அபுதாபியின் நிதியில் மங்கோலியாவில் 5,000 செயற்கைக் கூடுகள் நிறுவப்பட்டன, அவற்றில் அவை குஞ்சு பொரிக்கின்றன. பழகிய வல்லூறுகளை வசந்தத்தில் காட்டுக்குத் திருப்பி விடும் திட்டத்தை அமீரகத்தின் முதல் அதிபர் ஷேக் ஸாயித் 1995இல் தொடங்கினார். பழைய பதூயின் வழக்கத்தின் தொடர்ச்சி அது. எடுத்ததற்கு இவை ஈடாகுமா என்று கணக்குப் போட எனக்குத் தகுதியில்லை. ஆனால் செய்தே ஆக வேண்டியவை.

இனி அவளிடம் வருகிறேன்.

இறகு உதிர்வு முடிந்து, அக்டோபர் இறுதியில் ஒரு மாலை நான் போயிருந்தபோது, உஸ்தாத் அவளுடைய வாலை விளக்குக்கு நேராக மெல்ல விரித்துக் காட்டினார். புத்தம் புதிய பன்னிரண்டு இறகுகள். அவற்றுள் நான்கில், நுனியிலிருந்து இரண்டு விரற்கடைக்குள், நகத்தால் கீறியதுபோல் ஒரு மெல்லிய கோடு குறுக்கே ஓடியது. வளரும் இறகு அன்றன்று கிடைக்கும் உணவைக் கொண்டே அன்றன்றைய அளவை வளர்கிறது. ஒருநாள் பட்டினியோ, கடும் வெக்கையோ, பயமோ நேர்ந்தால் அந்த நாளுக்குரிய பகுதி மெலிந்து கோடாகத் தங்கிவிடும். எந்தெந்த இறகு அன்று வளர்ந்துகொண்டிருந்ததோ அத்தனையிலும் அந்தக் கோடு இருக்கும். "இது அந்த இரவு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறரை மணி நேரம் யாருடைய மேசையிலோ கிடந்த ஒரு புகாருக்கு இவ்வளவு துல்லியமான பதிவு எந்த ஏட்டிலும் இருந்திருக்காது.

டிசம்பரில் அந்தக் கோட்டிலேயே ஓர் இறகு ஒடிந்தது. அதைச் சரிசெய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உதிர்ந்த இறகுகளை உஸ்தாத் எறிவதே இல்லை. பறவை, பக்கம், எண் வாரியாகச் செய்தித்தாளில் சுருட்டி ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். முந்தைய ஆண்டு அவளே உதிர்த்த வால் இறகுகளில் அதே பக்கத்து அதே எண்ணைத் தேடி எடுத்தார். முகமூடி அணிந்த அவளை உதவியாள் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, ஒடிந்த இறகின் அடித்தண்டை நேராக வெட்டி, பழைய இறகை அதற்குப் பொருந்தும் நீளத்தில் வெட்டி, முக்கோணமாகச் செதுக்கிய ஒரு மூங்கில் சிம்பைப் பசை தடவி இரண்டு தண்டுகளின் பொள்ளலுக்குள்ளும் பாதி பாதியாகச் செலுத்தினார். தண்டு நம் நகத்தைப்போல் உணர்ச்சியற்றது என்பதால் அவளுக்கு வலி இல்லை. இறகின் தளம் கூரையின் சரிவைப்போல் சற்றும் திரும்பாமல் பக்கத்து இறகோடு படிய வேண்டும். அதற்காக அவர் மூச்சை அடக்கி, ஒரு மயிரிழை அளவு திருப்பி, மறுபடியும் திருப்பிப் பார்த்தார். செம்புக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டும் நான் என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைச் செய்திருக்கிறேன். அந்த இணைப்பைப்போல் ஒன்றைச் செய்ததில்லை.

பசை காய்ந்த மறுநாள் காலையில் அவளைப் பயிற்சிக்கு எடுத்துப்போனார்கள். ஹுபாராவின் இறகுகளைக் கட்டிய "தில்வா" என்னும் பொய்யிரையை உஸ்தாத் சுழற்ற, நானூறு மீட்டருக்கு அப்பால் மற்றொருவர் அவளுடைய முகமூடியைக் கழற்றினார். போட்டிகளில் இந்தத் தூரத்தை இருபது நொடிக்குள் கடந்துவிடுகின்றன. முதலில் மணலை ஒட்டி ஒரு நிழல் வருவதுதான் தெரிந்தது. ஆள் உயரத்துக்கும் கீழே, சிறகுகள் அடிப்பதே கண்ணுக்குத் தெரியாமல் வந்தாள். கடந்தபோது துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அவர் தில்வாவை இழுத்துக்கொண்டதும், வாலை முழுவதும் விரித்து, ஒரே திருப்பத்தில் வானத்துக்கு ஏறி, மறுபடி வந்தாள். மூன்றாவது முறை அவளுக்கு அதைக் கொடுத்தார்.

அவள் காடையைத் தின்றுகொண்டிருந்தபோது உஸ்தாத் என்னை அருகில் அழைத்து, தம் மங்கலாவைக் கழற்றி என் கையில் மாட்டினார். அவளுடைய எடை நான் எண்ணியதைவிடக் குறைவு. பிடி நான் எண்ணியதைவிட வலுவு. கண்ணைப் பார்க்காதே என்று இம்முறை அவர் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், யாரும் புகார் கொடுப்பதற்கு முன்பே, நானும் தென்காசிப் பையனும் போய் இரண்டு ட்ரேக்களையும் கழற்றி வெயிலில் காயவைத்தோம்.